சேலத்துச் சமையலறையில் டோஃபு

சேலத்துப் பல்பொருள் அங்காடிகளின் குளிர்பெட்டியில், பன்னீர் அடுக்கியிருக்கும் தட்டிலேயே டோஃபுவும் இப்போது கிடைக்கிறது. பல பொட்டலங்களில் ‘சோயா பன்னீர்’ என்று அச்சிட்டிருப்பதால், வாங்கிச் செல்பவர்கள் பன்னீருக்கென்று வைத்திருக்கும் வெண்ணெய் மசாலாவில் அதைப் போட்டுவிட்டு, நெய்ப்பசை இல்லை, பால்மணம் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். பன்னீர், பாலின் கொழுப்பைப் பெருமளவு தன்னுள் வைத்துக்கொண்டு திரண்ட பொருள். டோஃபுவோ சோயா என்னும் பயற்றின் புரதம் ஏராளமான நீரைப் பிடித்துக்கொண்டு திரண்ட பொருள். இரண்டும் வெள்ளையாக, கத்தியால் துண்டாக்கக்கூடியவையாக இருப்பதைத் தவிர, சமைப்பவருக்கு அவற்றிடையே பொதுவானது மிகக் குறைவு.

மென்மையான டோஃபுவின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். நன்றாக அழுத்திய கெட்டி டோஃபுவிலும் 70 முதல் 80 விழுக்காடு வரை நீர் இருக்கும். அந்த நீரில் எவ்வளவை உள்ளேயே வைத்திருப்பது, எவ்வளவை வெளியேற்றுவது, வெளியேறிய இடத்தில் எதை நிரப்புவது என்று முடிவு செய்வதே டோஃபுச் சமையலின் பெரும்பகுதி. இதைத் தீர்மானித்துக்கொண்ட பிறகே மசாலாவைப் பற்றி நினைக்க வேண்டும்.

வாங்கும்போது

கடையில் கிடைப்பவற்றை மென்மையானது, கெட்டியானது என இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும். மென்மையான வகை பெரும்பாலும் மூடிய பெட்டிக்குள்ளேயே திரண்டதாக, வெட்டினால் வழுவழுப்பாக இருக்கும். அது பச்சடி, ரசம், சூப் போன்றவற்றுக்கு உரியது. வாணலியில் போட்டுக் கிளறினால் சிதைந்துவிடும். கெட்டியான வகை துணியில் கட்டி அழுத்தியது. அதன் பரப்பில் துணியின் பின்னல் பதிந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வறுவல், குழம்பு, தோசைக்கல்லில் சுடுவது ஆகியவற்றுக்கு இதையே வாங்க வேண்டும்.

பொட்டலத்திலுள்ள நீர் தெளிவாகவோ இலேசான மஞ்சளாகவோ இருக்கலாம். அது குழம்பிக் கொழகொழப்பாக இருந்தாலும், பொட்டலம் உப்பியிருந்தாலும், திறந்தவுடன் புளித்த வாடை வந்தாலும் அந்தக் கட்டியைப் பயன்படுத்தக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலில் ஒரு மணி நேரம் வண்டிப் பெட்டியில் கிடந்தாலே இது கெடத் தொடங்கும் என்பதால், மற்ற சாமான்களையெல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாக இதை எடுத்து, நேராக வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. திறந்த பிறகு மீதியைச் சுத்தமான குடிநீரில் மூழ்கும்படி வைத்து, மூடி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். தினமும் நீரை மாற்றினால் மூன்று நான்கு நாள் தாங்கும்.

வீட்டிலேயே செய்வது

கடையில் வாங்கியதை மட்டும் சுவைத்தவர்கள், டோஃபுவுக்குத் தனிச் சுவை கிடையாது என்று சொல்வதில் வியப்பில்லை. அன்றைக்குத் திரண்ட டோஃபுவில் இளம் பயற்றின் இனிப்பும், வேகவைத்த நிலக்கடலையை நினைவூட்டும் ஒரு மணமும் இருக்கும். அவை ஓரிரு நாளில் மங்கிவிடும். அதனால் ஒருமுறையாவது வீட்டில் செய்து பார்க்கும்படி சொல்வேன். வேலை அதிகந்தான், ஆனால் இட்லிக்கு மாவரைத்துப் பழகிய கைக்குக் கடினமானதன்று.

செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் உள்ள பெரிய மளிகைக் கடைகளில் சோயா பீன்ஸைக் கேட்டு வாங்கலாம். மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் இந்தியாவில் இதை மிகுதியாக விளைவிக்கும் மாநிலங்கள். வெளிர்மஞ்சளாக, ஒரே அளவாக, தோல் சுருங்காமல் இருக்கும் பயற்றை எடுக்க வேண்டும். நெடுநாள் கிடங்கில் கிடந்த பயறு ஊறினாலும் பால் குறைவாகவே விடும். மீல்மேக்கரை ஊறவைத்து அரைத்துப் பாலெடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் பிழிந்தெடுத்த பிறகு எஞ்சும் சோயா மாவை வேகவைத்து உருவாக்கியதே மீல்மேக்கர் என்பதால், அதிலிருந்து டோஃபு வராது.

ஒரு வீட்டுக்கு 250 கிராம் பயறு போதும். கெட்டியாக அழுத்தினால் ஏறத்தாழ 350 முதல் 450 கிராம் டோஃபு கிடைக்கும். பயற்றைக் கழுவி, மூன்று மடங்கு நீரில் ஊறவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது ஊரைப் பொறுத்தது. சேலத்துக் கோடையில் ஆறு ஏழு மணி நேரத்திலேயே ஊறிவிடும். அதற்கு மேல் விட்டால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும் என்பதால் இடையில் ஒருமுறை நீரை மாற்றுவது அவசியம். அதே பயறு மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டில் ஊற பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தை நம்புவதைவிட ஒரு பயற்றை இரண்டாகப் பிளந்து பார்ப்பது மேல்: உட்பக்கம் தட்டையாக, ஓரத்திலும் நடுவிலும் ஒரே நிறமாக இருந்தால் ஊறிவிட்டது, நடுவில் குழியும் ஆழ்ந்த மஞ்சளும் தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

சோயாவின் பச்சை வாடையே பலரை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. பயற்றை நீர் சேர்த்து அரைக்கும்போது, அதிலுள்ள லிபாக்சிஜனேஸ் என்னும் நொதி அதன் எண்ணெயோடு வினைபுரிவதால் அந்த வாடை எழுகிறது. நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும் என்பதால், ஊறிய பயற்றைத் தண்ணீருக்குப் பதிலாகக் கொதிக்கக் கொதிக்க உள்ள வெந்நீர் சேர்த்து அரைத்தால் வாடை வெகுவாகக் குறையும். மிக்சியின் மூடி ஆவியால் தெறிக்காதபடி ஜாரை மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிறிது சிறிதாக அரைக்க வேண்டும். எல்லா நீரையும் சேர்த்து மொத்தம் இரண்டு லிட்டர் அளவு கணக்கு.

அரைத்த விழுதை முதலில் வடிகட்டிப் பிறகு பாலைக் காய்ச்சுவது சீனத்தில் பெருவழக்கு. விழுதையே முதலில் காய்ச்சிப் பிறகு வடிகட்டுவது ஜப்பானில் பெருவழக்கு. நம் வீடுகளுக்கு முதல் முறையே எளிது, ஏனெனில் விழுதோடு காய்ச்சினால் அடிப்பிடிக்கும், சூடான சக்கையைப் பிழிவதும் சிரமம். நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, இறுதியில் முறுக்கிப் பிழிந்தால் போதும்.

பாலை அகலமும் ஆழமும் உள்ள பாத்திரத்தில், பாதிக்கு மேல் நிரப்பாமல் அடுப்பில் வைக்க வேண்டும். சோயாவில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இருப்பதால், பால் உண்மையாகக் கொதிப்பதற்கு முன்பே நுரை பொங்கி விளிம்பைத் தாண்டிவிடும். அதைப் பார்த்து, கொதித்துவிட்டது என்று அடுப்பை அணைப்பவர்கள் பலர். நுரையை அகப்பையால் எடுத்துவிட்டு, தீயைத் தணித்து, அடியைத் துழாவிக்கொண்டே மேலும் பத்து முதல் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அரைகுறையாகக் காய்ச்சிய பாலைக் குடித்தால் வயிற்று வலியும் குமட்டலும் வரலாம். ஏற்காட்டில் சமைப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் நீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், கீழே பதினைந்து நிமிடம் காய்ச்சுவதை மலையில் இருபது நிமிடமாக நீட்டிக்கொள்வது பாதுகாப்பு.

திரளவைப்பது

காய்ச்சிய பாலை இறக்கிவைத்து எட்டுப் பத்து நிமிடம் ஆறவிட்டால், சூடு 75 முதல் 80 டிகிரிக்கு வரும். மேலே மெல்லிய ஆடை படரத் தொடங்கும். அந்த ஆடையைக் குச்சியால் தூக்கி அப்படியே உண்ணலாம். ஜப்பானில், குறிப்பாக கியோட்டோ நகரில், யூபா என்ற பெயரில் அதையே தனி உணவாக விற்கிறார்கள். பால் மிகவும் சூடாக இருக்கும்போது திரளவைத்தால் டோஃபு சொரசொரப்பாக இறுகிவிடும். மிகவும் ஆறிவிட்டால் சரியாகத் திரளாது.

திரளவைக்கும் பொருளே சுவையின் பாதியை முடிவு செய்கிறது. எளிதாகக் கிடைப்பது எலுமிச்சை: நான்கு மேசைக்கரண்டிச் சாற்றை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கலந்து ஊற்றலாம். ஆனால் அதில் திரண்ட டோஃபுவில் இலேசான புளிப்பு தங்கும், உடையும் தன்மையும் சற்றுக் கூடுதல். ஜப்பானியர் நிகாரி என்று சொல்லும் மெக்னீசியம் குளோரைடு, பயற்றின் இனிப்பை நன்றாக வெளிக்கொணரும். கடல்நீரில் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து கிடைப்பது அது. 250 கிராம் பயற்றுக்கு ஒன்றரைத் தேக்கரண்டியை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் போதும். சீனத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், வழுவழுப்பான டோஃபுவைத் தருவதோடு அதன் சுண்ணாம்புச் சத்தையும் கூட்டுகிறது. இணையத்திலோ பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளிலோ உணவுத் தரம் என்று தெளிவாகக் குறித்திருப்பதை மட்டுமே வாங்க வேண்டும். உரக்கடையில் வயலுக்கு விற்கும் ஜிப்சமும், செடிக்குப் போடும் எப்சம் உப்பும் சமையலறைக்குள் வரக் கூடாது.

சேலத்துக்காரர்களுக்கு மெக்னீசியம் என்றவுடன் நகருக்கு வடக்கே ஏற்காட்டு அடிவாரப் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லான மேக்னசைட் நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் ஒரு ரயில் சந்திப்பே நமக்கு இருக்கிறது. வெள்ளைக்கல்லிலும் இருப்பது மெக்னீசியம்தான். ஆனால் அது நீரில் எளிதில் கரையாத கார்பனேட் வடிவில் இருப்பதால் பாலைத் திரளவைக்க உதவாது. உலைச்சுவருக்கான செங்கல்லுக்கே அது ஏற்றது.

கரைசலை மூன்று பங்காக்கி ஊற்ற வேண்டும். முதல் பங்கை ஊற்றி, அகப்பையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் பங்கை மேற்பரப்பில் பரவலாகத் தெளித்து, மூடி, ஐந்து நிமிடம் அசையாமல் விட வேண்டும். பிறகு மூன்றாம் பங்கைப் பால் இன்னும் வெள்ளையாக இருக்கும் இடங்களில் மட்டும் விட்டு, மேலும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கட்டிகளுக்கிடையே தெளிந்த இளமஞ்சள் நீர் நின்றால் திரளுதல் முடிந்தது. ஓயாமல் கிளறுபவர்களுக்குத் துகள் துகளாகவே கிடைக்கும், வழுவழுப்பான கட்டி கிடைக்காது.

துளையுள்ள பாத்திரத்தில் ஈரத்துணியை விரித்து, கட்டிகளை உடையாமல் அகப்பையால் அள்ளி வைத்து, துணியை மூடி மேலே பாரம் ஏற்ற வேண்டும். அரைக்கிலோ பாரத்தில் பதினைந்து நிமிடம் என்றால் மென்மையாகவும், ஒன்றரைக் கிலோ பாரத்தில் அரைமணி நேரம் என்றால் கெட்டியாகவும் வரும். நிகாரியில் திரண்டதாக இருந்தால், வெட்டிய கட்டியை அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டுவைப்பது எஞ்சிய கசப்பை நீக்கும்.

நீரில் போடுவதற்கு முன் ஓர் ஓரத்தை வெட்டி, சூடாக இருக்கும்போதே, இரண்டு கல் உப்பும் நாலு துளிச் செக்கு நல்லெண்ணெயும் மட்டும் விட்டு உண்ண வேண்டும். இதற்கு மேல் செய்யும் சமையல் எல்லாம் இந்தச் சுவையை எந்த அளவுக்குக் காப்பது, எந்த அளவுக்கு மாற்றுவது என்று தெரிந்து செய்வதற்கு இந்த ஒரு வாய் உதவும்.

பிழிந்த சக்கையை எறிய வேண்டியதில்லை. நார்ச்சத்து மிகுந்த அது அடை மாவிலும் பருப்பு வடையிலும் கால் பங்கு வரை தெரியாமல் கலந்துவிடும். தேங்காய்த் துருவல் சேர்த்துப் பொரியலாகவும் செய்யலாம். வடிகட்டிய பிறகே பாலைக் காய்ச்சியிருந்தால் சக்கை பச்சையானது என்பதை மறவாமல், அதை முழுமையாக வேகவைக்க வேண்டும். வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும்.

நீரை வெளியேற்றும் வழிகள்

கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி, இரண்டு தட்டுகளுக்கிடையே வைத்து, மேலே ஒரு கனமான பாத்திரத்தை ஏற்றி அரைமணி நேரம் விடுவது எல்லோரும் அறிந்த வழி. அதைவிட எனக்குப் பிடித்தது உப்பு வெந்நீர் முறை. ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டிக் கல்லுப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, வெட்டிய துண்டுகளைப் பதினைந்து நிமிடம் அதில் மூழ்கவைத்து எடுத்து, துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டில் வெளிப்புறப் புரதம் இறுகித் தன் நீரைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. சூடான துண்டின் மேலுள்ள ஈரம் ஆவியாகப் போய்விடுகிறது. உப்பும் உள்ளே இறங்குகிறது. வறுக்கும்போது எண்ணெய் தெறிக்காது, உள்ளே சப்பென்றும் இருக்காது.

மூன்றாவது வழி உறையவைப்பது. டோஃபுவின் நீர் உறைந்து பனிப்படிகங்களாகும்போது அவை புரதப் பின்னலைத் தள்ளி இடைவெளிகளை உண்டாக்குகின்றன. உருகிய பிறகு அந்த இடைவெளிகள் அப்படியே நிற்கின்றன. கட்டி உறைந்திருக்கையில் மஞ்சளாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உருகினால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஓர் இரவு உறையவைத்து, முழுவதும் உருகவிட்டு, இரு உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல அழுத்தினால் நீர் வழிந்தோடிவிடும், மீந்தது கடற்பஞ்சைப் போலச் சாற்றைக் குடிக்கும். ஜப்பானில் கோயா மலையின் குளிரில் இவ்வாறு உறையவைத்து உலர்த்திய டோஃபு அம்மலையின் பெயராலேயே வழங்குகிறது. ஏற்காட்டுக் குளிர் அதற்குப் போதாது. குளிர்பெட்டியின் உறைபகுதிதான் வழி.

மசாலாவில் இரவு முழுவதும் ஊறவைத்தால் சுவை உள்ளே இறங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உப்பு மெல்ல உள்ளே செல்லும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் கலந்த மசாலா, நீர் நிறைந்த ஒரு பொருளுக்குள் எவ்வளவு நேரம் வைத்தாலும் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். ஆகவே முதலில் வறுத்து, பரப்பு காய்ந்து சூடாக இருக்கும்போது மசாலாவில் புரட்டுவதே பலன் தரும்.

தோசைக்கல்லில்

வார்ப்பிரும்புத் தோசைக்கல் டோஃபுவுக்கு மிகவும் ஏற்றது. கல் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டிக் கடலை எண்ணெய் விட்டு, அரை அங்குலக் கனமுள்ள துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். அடிப்பக்கம் பொன்னிறமானதும் துண்டு தானாகக் கல்லை விட்டு நகரும்; அதற்கு முன் கரண்டியால் நெம்பினால் மேல்தோல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் துண்டுகளை மரவள்ளிக்கிழங்கு மாவில் மெல்லப் புரட்டிவிட்டு வறுக்கலாம். ஜவ்வரிசிக்குப் பெயர்போன நம் மாவட்டத்தில் அந்த மாவைத் தேடி அலைய வேண்டியதில்லை, சோளமாவைவிட அது சற்று இழுவையும் கூடுதல் மொறுமொறுப்பும் தருகிறது.

இப்படி வறுத்த துண்டுகளோடு சேர்க்க ஏற்காட்டு மிளகைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். காப்பித் தோட்டங்களில் நிழல்மரங்களின் மேல் படர்ந்த மிளகுக்கொடிகளிலிருந்து பச்சைச் சரங்கள் கிடைக்கும் பருவமாக இருந்தால், ஒரு கைப்பிடி மணிகளை உருவி, ஆறு பல் பூண்டோடு அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ள வேண்டும். வறுத்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அதே எண்ணெயில் கறிவேப்பிலையைப் பொரித்து, தட்டியதைப் போட்டு அரை நிமிடம் மட்டும் வதக்கி, துண்டுகளைப் புரட்டி, எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டு இறக்க வேண்டும். காய்ந்த மிளகாக இருந்தால் அப்போதே பொடித்து, அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டும். வெங்காயம், தக்காளி, கரம் மசாலா எதுவும் தேவையில்லை. அவற்றைச் சேர்த்தால் வறுவல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் டோஃபு இருக்கிறதா உருளைக்கிழங்கு இருக்கிறதா என்பது தெரியாமல் போய்விடும். டோஃபு புர்ஜியைப் பற்றியும் என் கருத்து இதுவே: அவசரக் காலை உணவுக்குக் குறையில்லை, டோஃபுவை அறிந்துகொள்ள அது உதவாது.

பச்சைப்புளி ரசத்தில்

ஜப்பானில் கோடைக்காலத்தில் மென்மையான டோஃபுவைக் குளிரவைத்து, துருவிய இஞ்சியும் வெங்காயத்தாளும் மேலே வைத்து, சோயா சாஸ் சில துளிகள் விட்டு உண்கிறார்கள். சமையல் என்று அதில் ஏதுமில்லை. அந்த எளிமையை நம் ஊர்ச் சுவையில் பெறுவதற்கு, சேலம், ஈரோடு வட்டாரங்களில் வெயில் காலத்துக்கென்றே இருக்கும் பச்சைப்புளி ரசம் போதும்.

சிறு எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்து, அரை லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு காய்ந்த மிளகாயைத் தீயில் நேராகச் சுட்டு, அரைத் தேக்கரண்டிச் சீரகமும் இரண்டு பல் பூண்டும் சேர்த்து நசுக்க வேண்டும். பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, கறிவேப்பிலை ஆகியவற்றை உப்பு சேர்த்துக் கையாலேயே நன்றாகப் பிசைந்து, புளிக்கரைசலில் கலந்து, சுண்டைக்காய் அளவு வெல்லத்தைக் கரைத்துவிட வேண்டும். இதை அடுப்பில் ஏற்றுவதில்லை; கலந்து ஒரு மணி நேரம் குளிரவைத்தால் போதும்.

மென்மையான டோஃபுவைப் பெரிய துண்டுகளாக வெட்டி, இலேசாக உப்பிட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஆறவிட்டுக் குளிரவைக்க வேண்டும். பரிமாறும்போது கிண்ணத்தில் இரண்டு துண்டுகளை வைத்து, சுற்றிலும் ரசத்தை ஊற்றி, மேலே அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட வேண்டும். புளிப்பும் காரமும் முதலில் நாக்கைத் தொட, டோஃபுவின் மெல்லிய இனிப்பு அதன் பின்னாலேயே தெளிவாகத் தெரியும். ரசத்தில் டோஃபுவைப் போட்டு மணிக்கணக்கில் ஊறவிடுவது இங்கே தவறு, ஏனெனில் இரண்டும் தனித்தனியாக இருந்து வாயில் சேரும்போதுதான் இந்த வேறுபாடு கிடைக்கும்.

தட்டுவடை செட்டில்

சேலத்து மாலை நேரத்துத் தட்டுவடை செட்டில் டோஃபுவுக்கு இடமுண்டா என்று கேட்டால், வண்டிக்கடைக்காரர் சிரிக்கக்கூடும். வீட்டில் செய்து பார்க்கலாம். அழுத்தி நீர் எடுத்த கெட்டி டோஃபுவைத் தட்டுவடையின் அளவுக்கு வட்டமாக, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய வில்லைகளாக வெட்டி, உப்பும் எலுமிச்சைச் சாறும் தடவி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு தட்டுவடையில் காரச் சட்னியைத் தடவி, வில்லையை வைத்து, துருவிய பீட்ரூட், காரட், வெங்காயக் கலவையைப் பரப்பி, புதினாச் சட்னி தடவிய இன்னொரு தட்டுவடையால் மூட வேண்டும். நொறுங்கும் இரண்டு தட்டுகளுக்கிடையே குளிர்ந்த மென்மையான ஓர் அடுக்கு வருவதும், இரண்டு சட்னிகளின் காரத்தை அது தணிப்பதும் நன்றாகவே இருக்கின்றன. கனமான துண்டை வைத்தால் தட்டுவடை நமத்துவிடும். செய்தவுடன் உண்டுவிட வேண்டும்.

குழம்பில்

குழம்புக்கு உறையவைத்துப் பிழிந்த டோஃபுவே சிறந்தது. தேங்காய்ப்பால், முந்திரி, வெண்ணெய் போன்ற கொழுத்த குழம்புகளைவிட, நீர்த்த புளிப்பான குழம்புகள் இதற்கு ஒத்துப்போகும்: புளிக்குழம்பு, கொள்ளு ரசம், தக்காளிச் சாறு. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளைப் போட்டு, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம் விட்டால் ஒவ்வொரு துளையிலும் சாறு ஏறிவிடும். துண்டுகள் குடித்துக்கொள்ளும் என்பதால் குழம்பை வழக்கத்தைவிடச் சற்று நீர்க்கவும், உப்பைச் சற்றுக் குறைவாகவும் வைத்துத் தொடங்குவது நல்லது. உறையவைக்காத மென்மையான டோஃபுவைக் காரமான குழம்பில் போடுவதும் ஒரு மரபுதான். சீனத்துச் செங்டு நகரின் மாப்போ டோஃபுவில், மிளகாய் எண்ணெய் மிதக்கும் சாற்றுக்குள் உள்ள துண்டுகள் நடுங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். அப்படிச் செய்ய விரும்புபவர்கள் துண்டுகளை முதலில் உப்பு வெந்நீரில் வைத்து எடுத்து, கரண்டியால் கிளறாமல், வாணலியை மட்டும் அசைத்துக் கலக்க வேண்டும்.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள், சோயா அம்மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும் என்பதால், எவ்வளவு நேர இடைவெளி விடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்த கட்டியை எந்த நாளில் எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் திட்டமிட்டுக்கொள்ளலாம். முதல் நாள் வெறும் உப்போடும் பச்சைப்புளி ரசத்தோடும் உண்ண வேண்டும். இரண்டாம் நாள் தோசைக்கல்லில் வறுக்கலாம், தட்டுவடை செட்டில் வைக்கலாம். மூன்றாம் நாளும் மீதி இருக்கும் என்று தெரிந்தால், இரண்டாம் நாள் இரவே அதைத் துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்குள் எப்போது புளிக்குழம்பு வைத்தாலும் எடுத்துப் போடலாம்.